ஒரு கோடியே பதினாலாயிரத்துப் பத்து

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மக்கள் தொகைப் பாடம் நடத்தி முடித்த அன்று சிஸ்டர் எங்களிடம், “ஆளுக்கொரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று எழுதி வாருங்கள்” என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் திருநெல்வேலியை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தூத்துக்குடி, கன்னியாகுமரி, நீலகிரி என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து, “சிஸ்டர், நான் லாஸ் ஏஞ்சல்ஸ் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. “ஹாலிவுட்டா?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும். என் ஆச்சியை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் நாம் ஒரு நகரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நகரமும் உண்டு; அதைச் சுற்றி அதே பெயரில் ‘கவுண்டி’யும் உண்டு. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றது. அந்த ஒரு கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே மிக அதிகமான மக்கள் வாழும் கவுண்டி அதுதான். அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களில் நாற்பது மாநிலங்களின் மக்கள் தொகை இந்த ஒரு கவுண்டியைவிடக் குறைவு. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி எடுத்த கணக்கின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 1,00,14,009 பேர். ஒரு கோடியே பதினாலாயிரத்து ஒன்பது பேர். இந்த ஒன்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை அங்கே ஆர்ட்டீசியா என்னும் ஊரில் இருக்கிறார்கள். முன்பு போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் மாட்டுப் பண்ணை நடத்திய ஊராம். இப்போது அங்கே பயனியர் புலவார்டு என்ற வீதியில் நம் நாட்டுக் கடைகளே வரிசையாக இருக்கின்றன. சேலையும் கிடைக்கும், கறிவேப்பிலையும் கிடைக்கும். அத்தையின் பேறுகாலத்துக்காக ஆச்சி 2020 ஜனவரியில் விமானம் ஏறினார்கள். அதற்கு முன் மதுரையைத் தாண்டியதில்லை. பிப்ரவரியில் பாப்பா பிறந்தாள். ஏப்ரல் கடைசியில் திரும்பி வருவதாக ஏற்பாடு. அதற்குள் கொரோனா வந்து விமானங்களையெல்லாம் நிறுத்திவிட்டது.

கோயில்கள் அடைபடும் வரை ஆச்சி ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடவில்லை. அந்தக் கோயிலில் ஒரே நாளில் ஆங்கிலத்தில் ஒரு பூசை, ஸ்பானிய மொழியில் ஒரு பூசை. ஆச்சி ஸ்பானிய பூசைக்குத்தான் போவார்களாம். ஏன் என்று போனில் கேட்டேன். “ஏளா, இங்கிலீசும் எனக்குத் தெரியாது, அதுவும் தெரியாது. அங்கதான் நம்மள மாதிரி பிள்ளைகளோட, சத்தத்தோட இருக்காவ” என்றார்கள். குவாதலூப்பே மாதாவின் படத்தைப் பார்த்துவிட்டு, “மாதா நம்ம நிறத்துல இருக்காவளா” என்று அதிசயப்பட்டார்கள். செபமாலையில் பக்கத்தில் இருந்த அம்மாள் ஸ்பானிய மொழியில் முதல் பாதியைச் சொல்ல, ஆச்சி தமிழில் இரண்டாம் பாதியைச் சொல்வார்களாம். யாரும் தடுமாறவில்லை என்று அத்தை சொல்வார்கள்.

ஆச்சிக்குத் துணையாக இருந்த அந்தக் கூட்டம் அங்கே சிறு கூட்டம் அன்று. 2020 கணக்கின்படி நூற்றுக்கு 48 பேர் மெக்சிகோ முதலான நாடுகளின் வழி வந்த லத்தீனோக்கள். லத்தீனோ அல்லாத வெள்ளையர் ஏறத்தாழ 26 பேர். ஆசியர் ஏறத்தாழ 15 பேர். கறுப்பினத்தவர் 8 பேருக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் என்று சொல்லிக்கொள்ள எந்தக் கூட்டத்தாலும் முடியாது. மூன்று பேரில் ஏறத்தாழ ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம் அல்ல. கிளென்டேல் நகரில் அர்மீனியர்கள் நிறைய. மாண்டெரே பார்க் நகரில் சீனர்கள் நிறைய. ‘கொரியா டவுன்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கொரியரைவிட லத்தீனோக்களே அதிகம் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர்ப் பலகையை நம்பி ஓர் ஊரை எடைபோடக் கூடாது போலும்!

ஏப்ரல் மாதம் அத்தை வீட்டில் மக்கள் தொகைப் படிவத்தை நிரப்பினார்கள். அங்கே குடியிருப்பவர்களைத்தான் எழுத வேண்டும். அயல்நாட்டிலிருந்து சிலகாலம் பார்க்க வந்தவர்களை எழுதக் கூடாது. இது விதி. ஆகவே அத்தை, மாமா, பாப்பா என்று மூன்று பேர். பிறந்து ஆறு வாரமே ஆன, கழுத்துகூட நிற்காத பாப்பா கணக்கில் உண்டு. அவளைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மடியில் கிடத்தித் தூங்கவைத்த ஆச்சி கணக்கில் இல்லை.

அன்றிரவு ஆச்சி போனில், “என்னைய எழுதலயாம்ளா” என்றார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. “நீங்க விருந்தாளிதானே ஆச்சி, உங்களை எப்படி எழுதுவாங்க?” என்று சொல்லிச் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை. “அதுவுஞ் சரிதான்” என்று சொல்லி, போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கணக்கில் விடுபடுவதும், கணக்கில் மாற்றி எழுதப்படுவதும் அந்த ஊருக்குப் புதிதில்லை என்று இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோது தெரிந்துகொண்டேன். டோங்வா என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்த அந்த நிலத்தில், 1781-இல் இன்றைய மெக்சிகோவின் சொனோரா, சினலோவா பகுதிகளிலிருந்து வந்த 11 குடும்பங்கள் ஊரை நிறுவின. மொத்தம் 44 பேர். பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்க வழியும் கலந்தவர்கள். வேறு பலர் செவ்விந்தியரும் கலப்பினத்தவரும் ஆவர். ஊருக்குத் தேவதூதர்களின் அரசியான நம் மாதாவின் பெயரையே சூட்டினார்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அவர் இன்ன இனம் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1790-இல் மறுபடி கணக்கெடுத்தபோது அதே ஆட்களில் சிலருக்கு இனம் மாறிப்போயிருந்தது! ஆள் மாறவில்லை, எழுத்து மாறிற்று. அந்த முதல் கூட்டத்தோடு வந்து சேர்ந்திருக்க வேண்டிய இன்னொருவர் மணிலாவில் பிறந்தவர். வழியில் அவர் மகளுக்குப் பெரியம்மை கண்டதால் அவர் பின்தங்கிவிட்டார். அந்த 44 பேரில் அவர் இல்லை. நோயால் பயணம் தடைபட்டவர் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

நம்மவர் கதை இன்னும் வேடிக்கை. 1920, 1930, 1940 ஆகிய மூன்று அமெரிக்கக் கணக்குகளிலும் நம் நாட்டவர் எல்லாருக்கும் ‘இந்து’ என்றே இனப் பெயர். சீக்கியரானாலும் முகமதியரானாலும் கிறிஸ்தவரானாலும் இந்துதான். தினம் மூன்று வேளை செபமாலை சொல்லும் என் ஆச்சி அப்போது போயிருந்தால் அவர்களும் இந்துதான்! 1970-இல் நம்மை வெள்ளையர் பட்டியலில் சேர்த்தார்கள். ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் 1980-இல்தான் வந்தது. லத்தீனோக்களுக்கோ 2020-இல்கூட முதலில் லத்தீனோவா என்று ஒரு கேள்வி, பிறகு என்ன இனம் என்று இன்னொரு கேள்வி. பலர் தமக்குப் பொருந்தும் கட்டம் இல்லாமல் ‘வேறு ஏதோ இனம்’ என்று குறித்தார்கள். இரண்டையும் ஒரே கேள்வியாக்கப் போவதாக 2024-இல் அரசு அறிவித்தது.

எண்ணப்படுவது எப்போதுமே நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் 1942-இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானியரையெல்லாம், அங்கேயே பிறந்த குழந்தைகள் உட்பட, வீடு வாசலை விட்டுக் கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, எந்தப் பகுதியில் எத்தனை ஜப்பானியர் என்று காட்டிக் கொடுத்தது 1940-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குதான். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். கதவைத் தட்டி விவரம் கேட்டவரிடம் நம்பிக்கையோடு பதில் சொன்ன அந்தத் தாய்மார்களை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கும் முன்பு 1871-இல் ஒரே இரவில் பதினெட்டுச் சீனர்களாவது அந்நகரில் கும்பலால் கொல்லப்பட்டார்கள். இன்று எல்லாரும் அடுத்தடுத்து வாழும் ஊர்தான். தொடக்கம் முதலே அப்படி இருந்ததாக எண்ணிவிடக் கூடாது.

அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே நோய் மிகவும் கடுமையாயிற்று. அத்தை நர்ஸ் வேலை பார்ப்பவர்கள். முதலில் அத்தைக்கு வந்தது, பிறகு ஆச்சிக்கு. அத்தை பிழைத்தார்கள். ஆச்சி 2021 ஜனவரியில் இறந்துபோனார்கள். இடம் கிடைத்து அடக்கம் செய்யவே பல நாள் ஆயிற்று, அத்தனை சாவு. அங்கே காலை 11 மணி, இங்கே நள்ளிரவு 12.30. அப்பா போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நாங்கள் எல்லாரும் முழந்தாளிட்டுப் பார்த்தோம். குருவானவரைச் சேர்த்து ஐந்து பேர். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அடக்க மந்திரத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்து ஏதோ சொன்னார். மாமா தமிழில் ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கினார்கள். இங்கே நாங்கள் பதில் சொன்னோம்.

இறப்புச் சான்றிதழில், இறந்தவர் இந்தக் கவுண்டியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று ஒரு கட்டம் உண்டாம். ‘ஒன்று’ என்று போடச் சொன்னார்களாம் அத்தை. ஓர் ஆண்டு நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இங்கோ, 2021-இல் எடுக்க வேண்டிய நம் நாட்டுக் கணக்கும் கொரோனாவால் தள்ளிப்போயிற்று. ஆக, ஆச்சியைக் கடைசியாக எண்ணியது 2011-இல், எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில். அன்று வந்த வாத்தியாருக்கு ஆச்சி மோர் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்வார்கள்.

கட்டுரை நோட்டில் நான் மொத்தத்தை 1,00,14,010 என்று எழுதினேன். சிஸ்டர் கடைசி இலக்கத்தைச் சிவப்பு மையால் சுழித்து 9 என்று திருத்தினார்கள். கணக்கு கணக்குதானே! மதிப்பெண் குறைக்கவில்லை. நோட்டைத் திருப்பித் தரும்போது, “உன் ஆச்சி பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் கோயிலில் பூசைக் கருத்துகளோடு அந்தப் பெயரையும் வாசித்தார்கள்.

சென்ற நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அத்தை மறுபடி போனில் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார்கள். ஆச்சிக்கு வலப் பக்கம் ஒரு வியட்நாமியத் தாத்தா. பின்னால் பிலிப்பைன்ஸ் தம்பதி. இடப் பக்கம் ஒரு மெக்சிகோ அம்மாள். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் கூடை கூடையாகக் கேந்திப் பூவும் கொண்டு வந்திருந்தார்கள். இந்தப் பூவுக்கு மெக்சிகோதான் தாய்நாடாம்! நம் ஊர்ப் பூ என்றல்லவா நினைத்திருந்தேன். பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுப் பையன் ஒருவன் இரண்டு கை நிறைய அள்ளி வந்து ஆச்சியின் கல்மேல் கொட்டிவிட்டு, மூச்சுவிடாமல் ஓடிப்போனான்.