காக்கையை எண்ணியவர்கள்

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரிக்கு ஒரு மனக்குறை இருந்தது. அகராதிக்காகப் புத்தகம் படித்த தன்னார்வலர்கள், கண்ணில் பட்ட சொல்லை வாக்கியத்தோடு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார்கள். வந்து குவிந்ததில் பெரும்பாலும் அபூர்வச் சொற்கள். 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் இருந்தன. எல்லோரும் புழங்கும் 'அப்யூஸ்' என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. வாசகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவில் யானை வந்தால் ஊரே பார்க்கும். காக்கையை யார் எண்ணுவார்?

*

ஆங்கிலத்தில் அந்தக் காக்கைகளைக் கணினி வைத்து எண்ணத் துணிந்தவர்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த நெல்சன் ஃபிரான்சிசும் ஹென்றி குச்செராவும். 1961-இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகள், துண்டுக்குச் சுமார் 2,000 சொற்கள், ஆக மொத்தம் பத்து லட்சம். இந்த வேலையைப் பற்றி ராபர்ட் லீஸ் என்ற மொழியியலாளரிடம் ஃபிரான்சிஸ் சொன்னபோது, உங்கள் நேரமும் அரசாங்கப் பணமும் வீண் என்று பதில் வந்ததாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்தால் வேண்டிய உதாரணங்கள் எல்லாம் கிடைத்துவிடுமே என்பது லீசின் வாதம்.

கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்துச் செய்த உதாரணம் இலக்கணப் புத்தகத்துக்கு வெளியே யார் வாயிலும் வராத உதாரணமாக இருக்கும். 'ராமா ஹேஸ் எ பென்' என்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

*

டக்ளஸ் பைபரும் கூட்டாளிகளும் 1999-இல் வெளியிட்ட லாங்மன் இலக்கணத்தில், 'பி', 'ஹேவ்', 'டூ' போன்ற துணைவினைகளைத் தள்ளிவிட்டு, அதிகம் புழங்கும் பன்னிரண்டு வினைகளைப் பட்டியலிடுகிறார்கள்: சே, கெட், கோ, நோ, திங்க், சீ, மேக், கம், டேக், வான்ட், கிவ், மீன். பேச்சில் வரும் முழுவினைகளில் ஏறக்குறைய 45 சதவீதம் இந்தப் பன்னிரண்டுதான். ஆய்வுக் கட்டுரையில் இதுவே பத்தில் ஒன்றை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாத மொழி, வாயைத் திறந்தால் ஒரு டஜன் வினைகளை வைத்துக்கொண்டு பாதிக் குடும்பம் நடத்துகிறது.

*

ஒரு சொல் எந்த அளவுக்குப் புழங்குகிறதோ அந்த அளவுக்குச் சொந்தப் பொருளை இழக்கிறது. 'டேக்' என்றால் எடு என்று படித்தோம். ஆனால் நிஜப் பேச்சில் அது கையால் எதையும் எடுப்பது குறைவு. 'டேக் எ லுக்', 'டேக் டைம்', 'டேக் எ பிரேக்' என்று வரும்போது பொருள் முழுவதும் பின்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. வினை அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். 'மேக் எ டிசிஷன்' என்கிறவர் எதையும் செய்வதில்லை, முடிவெடுக்கிறார். ஏன் 'மேக் எ ஃபோட்டோ' என்று சொல்வதில்லை என்று மாணவன் கேட்டால் ஆசிரியரிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு: சொல்வதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'ரன்' என்ற வினையைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. முடிவில் 645 பொருள் தேறியது. இத்தனை பொருள் உள்ள சொல்லைத் தனியாக நிறுத்தி உன் பொருள் என்ன என்று கேட்பதே தப்பு என்று எனக்குப் படுகிறது.

*

அப்படிக் கேட்காமல், யாரோடு சேர்ந்து வருகிறாய் என்று கேட்டவர் ஜான் சின்க்ளேர். 1980-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து கோபில்ட் அகராதித் திட்டத்தை நடத்தியவர். அகராதி 1987-இல் வந்தது. அவர்கள் படித்த விதமே வேறு. தேடும் சொல் தாளின் நடுவில் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வாக்கியத்தின் துண்டுகள். இடமிருந்து வலமாகப் படிக்காமல் மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டவேண்டும். நூறு வரியைத் தாண்டும்போது, எந்த இலக்கணமும் சொல்லித்தராத ஒழுங்கு மெல்லத் தலைகாட்டும்.

'செட் இன்' என்பது அவர் காட்டிய உதாரணம். தொடங்கு, பிடித்துக்கொள் என்று அகராதி சொல்லும். ஆனால் எது தொடங்குகிறது என்று வரிசையாகப் பார்த்தால் அழுகல், விரக்தி, நோய்த்தொற்று, மோசமான வானிலை. மகிழ்ச்சி 'செட் இன்' ஆனதாக வருவது அரிது. மைக்கேல் ஸ்டப்ஸ் 1995-இல் 'காஸ்' என்ற வினையை இதேபோலப் பார்த்தார். காரணமாக இரு என்று நடுநிலையாகத் தோன்றும் சொல். அதன் பின்னால் வருவதோ பிரச்சினை, சேதம், மரணம், புற்றுநோய். 'பட்ஜ்' என்று தேடினால் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் ஓர் எதிர்மறை இருக்கும். நகர்ந்ததைச் சொல்ல யாரும் அந்தச் சொல்லைத் தேடுவதில்லை, நகர மறுத்ததைச் சொல்லத்தான்.

ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதுகிற நம்மவர் எழுத்திலும் சில நேரம் ஏதோ இடறுகிறதே, அது பெரும்பாலும் இந்த இடம்தான். 'காஸ்டு கிரேட் ஹாப்பினஸ்' என்று எழுதினால் இலக்கணம் தலையசைக்கும், காது முகம் சுளிக்கும்.

*

சின்க்ளேரின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட எனக்குப் பிடித்தது. 'ட்ரூ ஃபீலிங்ஸ்' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டார். உண்மையான உணர்வுகள், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதற்கு முன்னால் அநேகமாக எப்போதும் ஓர் உடைமைச் சொல்: 'ஹிஸ்', 'ஹெர்', 'அவர்'. அதற்கும் முன்னால் வெளிப்படுத்து, காட்டு, மறை போன்ற ஒரு வினை. இன்னும் இடப்பக்கம் போனால் தயக்கமோ இயலாமையோ நிற்கிறது. ஆக, உண்மையான உணர்வு என்பது ஒருவருக்குச் சொந்தமாகவும் சொல்லமுடியாததாகவும் இருந்தால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பெறுகிறது. எழுதுகிறவர் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் நாலு இடமும் ஒரே மூச்சில் நிரம்பிவிடுகின்றன.

*

உடைமை என்ற பெயரே ஏமாற்று. 'மை ட்ரெயின்' என்கிறவருக்கு ரயில் சொந்தமில்லை. 'மை பாஸ்' என்பதில் யார் யாருக்குச் சொந்தம் என்பது விவாதத்துக்குரியது. 'ஹிஸ் மர்டர்' என்றால் கொன்றவனா செத்தவனா, பக்கத்து வரியைப் படித்தால்தான் தெரியும். 'எ டேஸ் மார்ச்', 'எ ஸ்டோன்ஸ் த்ரோ' எல்லாம் அளவுகள். சொத்துப் பத்திரத்தோடு ஒத்துப்போகிற உடைமை இந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

'ஹேவ்' கதையும் இதுதான். காய்ச்சல், தம்பி, நேரம், சண்டை, குளியல், சந்தேகம் எல்லாம் 'ஹேவ்'தான். 'ஹேவ்' என்றால் வைத்திரு என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தம்பியை எங்கே வைத்திருப்பது என்று யோசித்திருக்கவேண்டும். தமிழில் தம்பி எனக்கு 'இருக்கிறான்'.

சந்தேகம் என்றதும் 'ஐ யாம் ஹேவிங் எ டவுட்' ஞாபகம் வருகிறது. இந்திய ஆங்கிலத்துக்கும் பிரவுன் மாதிரியிலேயே பத்து லட்சம் சொற்களின் தொகுப்பு ஒன்று உண்டு. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில் தொகுத்தது, 1978-இல் வெளியான எழுத்துகளிலிருந்து. நம் ஆங்கிலத்தைத் திருத்துவதற்கு முன்னால் அதை எண்ணிப் பார்க்கலாம் என்று அப்போதே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

*

அமெரிக்கர்களிடம் ஒரு நுட்பம். 'ஐவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. 'ஐவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியாயிற்று. உடைமைக்கு ஒரு வடிவம், அடைவதற்கு ஒரு வடிவம். பிரிட்டிஷ்காரர்கள் 'காட்டன்' என்றாலே அமெரிக்கக் கொச்சை என்று முகம் திருப்புவார்கள். அது ஆங்கிலத்திலேயே இருந்த பழைய வடிவம் என்பதும், அதைக் கைவிட்டதில் வேறுபாடு ஒன்றை இழந்தோம் என்பதும் அவர்களுக்கு உறைப்பதில்லை.

*

உடலுறுப்பு வந்துவிட்டால் ஆங்கிலம் உடைமைச் சொல்லை விடாது. தலையை ஆட்டினான் என்று நாம் விட்டுவிடும் இடத்தில், யார் தலை என்பதையும் சொல்லியாகவேண்டும்: 'ஷுக் ஹிஸ் ஹெட்'. ஆனால் அடுத்தவன் தலையில் அடித்தால் கதை மாறுகிறது: 'ஹிட் ஹிம் ஆன் த ஹெட்'. அடி வாங்கிய ஆளை முன்னால் சொல்லியாயிற்று. தலைக்குத் தனியாக உரிமையாளர் தேவையில்லை.

டிக்கன்ஸ் நாவல்களைக் கணினியில் இட்டுப் பார்த்த மைக்கேலா மால்பெர்க், திரும்பத் திரும்ப வரும் ஐந்து சொல் தொடர்களைப் பிரித்தெடுத்தார். கைகளைச் சட்டைப்பையில் விட்டபடி, முதுகை நெருப்புக்குக் காட்டியபடி என்று பாத்திரங்கள் நிற்கும் தொடர்கள் அதில் முன்வரிசையில். 'ஹிஸ்' இல்லாமல் அந்த நாவல்களில் ஒருவரும் நிற்கக்கூட முடியாது போலிருக்கிறது. அத்தனை முறை படித்தவர்கள் கண்ணில் இது பட்டதில்லை. பட்டிருந்தாலும் யார் எண்ணிப் பார்த்திருக்கப்போகிறார்கள்?

*

'இட்ஸ்' என்ற உடைமைச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகிறது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் அச்சில் அது கிடையாது, அஃறிணைக்கும் 'ஹிஸ்'தான்.

உடைமையைக் குறிபோட்டுக் காட்டுவதிலும் ஒழுங்கில்லை. லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிலையங்கள்: 'ஏர்ல்ஸ் கோர்ட்' என்பதில் உடைமைக்குறி உண்டு, 'பேரன்ஸ் கோர்ட்' என்பதில் இல்லை. பலகை எழுதுகிறவர் பிழைத்துப்போகட்டும்.

*

அதிகம் புழங்கும் பத்து ஆங்கில வினைகளும் ஒழுங்கற்றவை. ஒன்றுகூட 'எட்' சேர்த்து இறந்தகாலம் காட்டுவதில்லை. 2007-இல் 'நேச்சர்' இதழில் எரெஸ் லீபர்மனும் உடனிருந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளில் இடைக்காலத்தில் 145 மிஞ்சின, இன்று 98. எது தாக்குப்பிடிக்கும் என்பதைப் புழக்கம் தீர்மானிக்கிறது: நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வருகிறது. 'பி', 'ஹேவ்' இரண்டுக்கும் அவர்கள் கொடுத்த அரை ஆயுள் 38,800 ஆண்டுகள். அடுத்து விழப்போவது 'வெட்' என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு கூப்பிடும் திசைக்கு நேர் எதிரே நடக்கும் வினைகளும் உண்டு. 'ஸ்னீக்' ஒழுங்காக 'ஸ்னீக்டு' என்றுதான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் யாரோ 'ஸ்னக்' என்றார்கள். பள்ளி ஆசிரியர்கள் திட்டித் தீர்த்தும் அது அடங்கவில்லை. இன்று கடல் தாண்டி பிரிட்டனுக்குள்ளும் நுழைந்துவிட்டது.