முதற் கை, இரண்டாம் கை

வன்னியில் ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணுமிடத்து, முதலில் தீர்க்க வேண்டிய வினா எந்த நிறுவனத்தின் வண்டி என்பதன்று. புதியதா, பாவித்ததா என்பதே. பஸ் நாளுக்குச் சில தடவைகளே வந்து போகும் ஊர்களில், கிரவல் பாதையால் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் சென்று மீள வேண்டிய மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. ஆதலால் வாங்குவதா விடுவதா என்ற விவாதம் அங்கு பெரிதாக எழுவதில்லை. விசுவமடுவில் உள்ள எங்கள் வீட்டிலும் 2025இல் எழுந்தது, புதியதா பாவித்ததா என்ற அந்த ஒரே வினாதான். அது மூன்று மாதம் நீடித்தது. பொருளியலை ஒரு பாடமாகக் கற்பவன் என்ற காரணத்தால் அவ்விவாதத்தில் எனக்கும் ஓரிடம் தரப்பட்டது. என் பாடநூல் அறிவு அங்கு எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதைக் கூறவே இக்கட்டுரை.

பாவித்த வண்டிச் சந்தையைப் பற்றிப் பொருளியல் மாணவர் அனைவரும் கேட்டிருக்கக்கூடிய ஆய்வுரை ஒன்றுண்டு. ஜோர்ஜ் அக்கர்லொவ் எழுதிய அது 1970இல் வெளியாயிற்று. மூன்று ஆய்விதழ்கள் அதனை ஏற்க மறுத்த பின்னரே நான்காவது இதழ் அச்சேற்றியது. 2001இல் அதன் ஆசிரியர் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய பின் வஞ்சிக்கும் வண்டிக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். தன் வண்டி எலுமிச்சையா அன்றா என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் சராசரி விலைக்கு மேல் கொடான். அவ்விலைக்கு நல்ல வண்டியை உடையவன் தன் வண்டியை விற்கான். நல்லவை சந்தையை விட்டு நீங்க, தீயவையே எஞ்சும். அக்கர்லொவின் வாதத்தின் சாரம் இதுவே. இதனை அப்படியே எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தால், பாவித்த வண்டியை அணுகவே அஞ்ச வேண்டும்.

ஆனால் வன்னியின் மோட்டார் சைக்கிள் வரலாறோ பெரும்பாலும் இரண்டாம் கை வரலாறாகும். போர்க்கால வன்னியை நினைவுகூரும் எவரும் ‘எம்.டி.90’ என்ற பெயரைச் சொல்லாது விடார். ஹொண்டா நிறுவனம் ஜப்பானியத் தபாற் சேவைக்கென உருவாக்கிய வண்டி அது. அந்நாட்டுத் தபாற்காரரின் கையில் உழைத்து முடிந்த பின்னரே எங்கள் மணற்பாதைகளுக்கு வந்து சேர்ந்தது. 1990இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளாக நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். சிறு போத்தலொன்றில் பொன்போற் காத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். புகை பின்னால் வருபவரை மறைக்கும். புதிய வண்டி என்ற எண்ணமே எழ இடமில்லாத அக்காலத்தில், பழைய இயந்திரமொன்றின் உள்ளும் புறமும் அறிந்த ஒரு தலைமுறை அங்கு உருவாயிற்று. எங்கள் சந்தியில் கராச் வைத்திருக்கும் அண்ணர் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே யாருடைய வண்டி வருகிறது என்று அவர் கூறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

2009இல் அவ்வண்டிகளின் கதை ஒருவாறு முடிந்தது. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கைவிடப்பட்ட சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் பின்னர் பல ஆண்டுகளாகக் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் வண்டி எவ்விடத்தில் விடப்பட்டது என்பதை அப்பா இன்றும் துல்லியமாகச் சொல்வார். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. வண்டியை விட்டுவிட்டு அதன் பதிவுப் புத்தகத்தை மாத்திரம் பொலித்தீன் பையில் இட்டு, பிறப்புச் சான்றிதழ்களோடு கொண்டுவந்தவர்களும் உளர். ஓடும் வண்டி கையில் இருந்தும் புத்தகத்தை இழந்தவர்களும் உளர்.

மீள்குடியேறிய பின் 2012இல் அப்பா வாங்கிய பஜாஜ் சீ.ரீ.100 வண்டியும் இரண்டாம் கையே. உதைத்து மட்டுமே இயக்கக்கூடியது. அப்பாவின் வலது முழங்காலில் எறிகணைச் சிதறலொன்று இன்னும் இருக்கிறது. எடுப்பதிலும் விடுவதே நன்று என்பது வைத்தியர்களின் முடிவு. வயது ஏற ஏற உதைப்பது அவருக்கு வேதனையாயிற்று. காலையில் தோட்டத்துக்குப் புறப்படுமுன் வண்டியை உதைத்துத் தரும்படி தம்பியை எழுப்புவார். தம்பி ஆடைத் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து அதிகாலையிலேயே புறப்படத் தொடங்கியதும், பொத்தானை அழுத்த இயங்கும் வண்டியொன்று இன்றியமையாததாயிற்று.

இத்தேவை எழுந்ததோ பொருந்தாத காலத்தில். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. பாவித்த வண்டியின் விலை அது புதிதாக விற்ற விலையையும் தாண்டியது. இறக்குமதி தொடங்கியபின் விலை விழும் என எதிர்பார்த்தவர் பலர். ஆனால் 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று, 2025இல் 300ஐ ஒட்டி நின்றது. அதன் மேல் வரிகள். ஆகவே புதியதும் எட்டாத உயரத்தில், பழையதும் நியாயமற்ற உயரத்தில் என்ற நிலையிலேயே நாங்கள் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது.

பாவித்த வண்டி பார்க்கும் படலம் முதலில் தொடங்கிற்று. அக்கர்லொவின் வாதம் அங்குதான் தடுமாறக் கண்டேன். அவர் கண்ட சந்தையில் வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் அறியாதவர். எங்கள் ஊரிலோ வண்டிக்கும் குலம் கோத்திரம் உண்டு. மீன் வியாபாரி ஓட்டிய வண்டியைத் தொடாதே என்பது முதல் விதி: முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் பெட்டியின் உப்புநீர் வழிந்து பின்புற அடிச்சட்டத்தை உள்ளிருந்து அரித்திருக்கும், மேலே பூசிய வர்ணம் அதனை மறைக்கும். விறகு ஏற்றிய வண்டியின் பின் அதிர்வுதாங்கிகள் தளர்ந்திருக்கும். இளந்தாரி ஓட்டிய வண்டியில் பியர் சக்கரங்கள் தேய்ந்திருக்கும். ஆசிரியர் ஓட்டிய வண்டிக்கோ தனி மதிப்பு. வீட்டிலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து வீடு, அதற்கப்பால் கோயில்.

கராச் அண்ணர் கற்பித்த பரிசோதனை முறைகள் விரிவுரைக் குறிப்புகளிலும் தெளிவானவை. விற்பவர் வீட்டுக்குச் சென்றதும் முதலில் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இயங்க மறுக்கும் குறையை மறைப்பதற்காக நாம் வருமுன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்பது பொருள். குழாயில் வரும் புகை நீலநிறமாயின் ஓயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்களுக்குச் செலவு காத்திருக்கிறது. ஓடிய தூரம் காட்டும் மீற்றரை நம்பற்க. அதன் கம்பி என்றோ அறுந்திருக்கும், அல்லது அறுக்கப்பட்டிருக்கும். இறுதியாக, இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த இறுதிச் சோதனையில்தான் நாங்கள் பார்த்த முதல் வண்டி விழுந்தது. இயந்திரம் குறையற்றது, விலையும் தாழ்வு. புத்தகத்தில் இருந்த பெயரோ நான்கு கைகளுக்கு முந்தியவருடையது. உரிமை மாற்றப் பத்திரத்தில் ஒப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பெயரை மாற்றாமலே வண்டியைக் கைமாற்றும் வழக்கம் நாடெங்கும் உண்டு. வன்னியில் அதன் விளைவு வேறு. ஒப்பமிட்டவர் கடல் கடந்திருப்பார்; அல்லது இறந்திருப்பார்; அல்லது இருக்கிறாரா இல்லையா என்று அவருடைய குடும்பமே இன்றுவரை அறியாதிருக்கும். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்காகக் கியூ.ஆர். குறியீடு பெற வண்டி விபரங்களைப் பதிய வேண்டியிருந்தபோது, இத்தகைய புத்தகம் வைத்திருந்தவர் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. புத்தகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்த அப்பா, “ஆற்ரையோ பேரிலை கிடக்கிற வண்டியிலை நான் ஏறேலாது தம்பி” என்றார்.

அதன்பின் தம்பியின் பக்கம் வலுத்தது. புதியது வாங்குவோம், தன் சம்பளச் சீட்டைப் பிணையாகக் காட்டலாம் என்றான். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் காட்சியறை ஒன்றுக்கு நானும் அவனும் சென்றோம். வண்டியைப் பற்றிய எல்லா விபரங்களையும் அச்சிட்ட தாளில் தந்தார்கள். நிதி ஏற்பாட்டைப் பற்றித் தந்ததோ ஒரு தொகை மட்டும்: மாதத் தவணை. வட்டி எத்தனை வீதம் என்று நான் கேட்டபோது ஒரு வீதம் சொல்லப்பட்டது. அது முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் கணிக்கப்படும் தட்டை வீதம் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டே அறிய முடிந்தது.

அதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 4 இலட்சம் ரூபா கடன், 14 வீதத் தட்டை வட்டி, 48 மாதம் என்று கொள்வோம். ஆண்டுக்கு 56,000 வட்டி, நான்காண்டுக்கு 2,24,000. மொத்தம் 6,24,000 ரூபாவை 48ஆற் பிரித்தால் மாதம் 13,000. தவணைகளிற் பாதி கட்டித் தீர்ந்த பின்னரும் வட்டி முழு 4 இலட்சத்துக்கே அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் கடன் மீதியின் அடிப்படையில் அதே 13,000 ரூபாவைக் கணித்தால், வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 24 வீதம். 14க்கும் 24க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அக்கர்லொவ் கூறிய அறிவுச் சமனின்மை இங்கல்லவா இருக்கிறது என்று அன்று தோன்றிற்று. எங்கள் ஊரிற் பாவித்த வண்டியின் குறை கராச் அண்ணருக்குத் தெரியும். புதிய வண்டியோடு வரும் ஒப்பந்தத்தின் குறையைக் கையால் தொட்டுச் சொல்ல ஊரில் ஒருவருமில்லை.

லீசிங் முறையே தீது என்பது என் வாதமன்று. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கும் தாதிக்கும் அது உதவியிருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியின் வருமானம் மாதத்தை அறியாது; காலபோகத்தையும் சிறுபோகத்தையுமே அறியும். கச்சானும் உழுந்தும் மழையை நம்பியவை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது தவணைத் தேதிகள் மூழ்கவில்லை. தவணை தீரும்வரை புத்தகத்தில் வண்டியின் உண்மையான உரிமையாளராக நிற்பது நிதி நிறுவனத்தின் பெயர். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டு வண்டி 31ஆவது தவணையில் ‘சீஸ்’ பண்ணப்பட்டது. முப்பது தவணை கட்டியவரின் வீட்டில் இப்போது சைக்கிள் நிற்கிறது. பிறர் பெயரில் உள்ள வண்டியில் ஏற மாட்டேன் என்ற அப்பாவின் சொல்லை நான் தம்பிக்கு நினைவூட்டினேன்.

அவன் தந்த மறுமொழிக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. “பிறந்ததிலையிருந்து எங்களுக்குக் கிடைச்சதெல்லாம் ஆரோ பாவிச்சுக் கழிச்சது. முகாமிலை உடுப்பு, பள்ளிக்கூடப் பை, இந்தச் சைக்கிள், இந்த வண்டி. ஒண்டாவது முதற் கையா இருக்கக்கூடாதே அண்ணை?” என்றான். 24 வீதத்தை அவன் விளங்காமல் இல்லை. அதனைக் கொடுத்துப் பெறத்தக்க ஒன்று உண்டென்றே அவன் கருதினான். பயன்பாட்டுக் கோட்பாட்டின்படி அவனுடைய விருப்பையும் கணக்கிற் சேர்த்தேயாக வேண்டும். ஆனால் மாதம் 13,000 அவனுடைய சம்பளத்திலிருந்து போனால், உயர்தரம் படிக்கும் தங்கையின் தனியார் வகுப்புக் கட்டணமும், எனக்கு இங்கு வந்து சேரும் பணமும் எங்கிருந்து வரும்? அதை அவனிடம் நான் கேட்கவில்லை. என் படிப்பை முன்வைத்து அவனுடைய ஆசையை மறுக்கும் உரிமை எனக்கு இல்லையென்றே எண்ணினேன். அம்மா கேட்டார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வண்டியை விற்கப் போகிறார் என்ற செய்தியைக் கராச் அண்ணரே கொண்டுவந்தார். 2017இற் பதிவானது, பொத்தானில் இயங்குவது, ஒரே கை. எட்டாண்டு ஓடிய பின்னும் தாம் வாங்கிய விலையிலும் கூடவே கேட்டார். ஊர்விலை அதுதான் என்பதால் அப்பா பேரம் பேசவில்லை. ஒரு போகக் கச்சானின் பணமும், நாம்பன் இரண்டை விற்ற பணமும், பழைய சீ.ரீ.100க்குக் கிடைத்ததும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்தது. ஆசிரியர் நேரில் வந்து பத்திரங்களில் ஒப்பமிட்டார். பெயர் மாற்றம் முடிந்து புதிய புத்தகம் வரும்வரை அப்பா வண்டியைத் தோட்டத்துக்கு அப்பால் கொண்டுபோகவில்லை. வண்டியோடு பாடசாலைக் கொப்பியொன்றும் கிடைத்தது. ஓயில் மாற்றிய நாள், செயின் செற் மாற்றிய நாள், ரயர் வாங்கிய விலை யாவும் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றில் அப்பா இப்போது எழுதி வருகிறார்.

தம்பி தொழிற்சாலை பஸ்ஸிலேயே போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பான். மாதந்தோறும் ஒரு தொகையை வங்கியில் இடத் தொடங்கியிருப்பதாக அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார். எதற்கென்று அவன் சொல்லவில்லையாம்.