கேட்பவருக்கும் ஒரு கேட்பவர்

உடல் நோய்க்கு மருந்தளிப்பவரின் பிழை பெரும்பாலும் அவ்வுடலிலேயே வெளிப்பட்டுவிடும். உள்ளத்தின் நோயைப் பேச்சினால் ஆற்ற முனையும் உளச்சிகிச்சையாளரின் பிழையோ எளிதில் வெளிப்படுவதில்லை. அடைத்த கதவுக்குள் இருவரே அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் துயருற்றவர், தமக்கு நேர்வது நலமா, தீங்கா என எடைபோடும் நிலையில் அவர் இல்லை. மற்றவர் சிகிச்சையாளர், அவரும் நஃப்ஸ் உடைய மனிதரே. அவ்வறையில் நடப்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பவர் யார்?

இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே 'மேற்பார்வை' என்னும் முறை. 1920ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் மாக்ஸ் ஐட்டிங்கன் முதலியோர், வறியோரும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெறுவதற்கு ஒரு நிலையம் கண்டனர். அங்குப் பயில்வோருக்கு மூன்று கடமைகள் வகுக்கப்பெற்றன: தம் உள்ளத்தையே பகுப்பாய்வுக்கு உட்படுத்துதல், பாடங் கற்றல், மூத்தவர் ஒருவரின் பார்வையில் சிகிச்சை அளித்தல்.

மேற்பார்வை என்றதும் குற்றங் காணும் அதிகாரியை எண்ணிவிடலாகாது. சிகிச்சையாளர் நோயாளரின் அடையாளத்தை மறைத்து, தாம் கேட்டதையும் சொன்னதையும் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒழுங்காக எடுத்துரைக்கிறார். தந்தையை இழந்த பெண்ணொருத்தி, தந்தைமீது தனக்கிருந்த கோபத்தைச் சொல்லத் தொடங்குகிறாள் என்று கொள்வோம். அண்மையில் தம் தந்தையை அடக்கம் செய்த சிகிச்சையாளர், தம்மை அறியாமலே ஆறுதல் கூறிப் பேச்சைத் திருப்பிவிடுகிறார். "அவ்விடத்தில் பேச்சைத் திருப்பியவர் யார்? அவளா, நீங்களா?" என்று மேற்பார்வையாளர் வினவுகிறார். அவ்வொரு வினா அப்பெண்ணின் அடைபட்ட வாயை மீண்டும் திறக்கும். நோயாளருக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலுள்ள சிக்கல், சிகிச்சையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலும் நிழலாடுவதுண்டு என்பதை 1955இல் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ஸேர்ல்ஸ் எடுத்துக்காட்டினார்.

உஸ்தாதின் முன் கிதாபை ஓதிக்காட்டி இஜாஸத் பெறும் மரபு நமக்குப் புதிதன்று. ஆனால் இஜாஸத் பெற்றபின் மாணவர் தாமே ஆசிரியராகிவிடுகிறார். மேற்பார்வையோ பட்டத்துடன் முடிவதன்று. பிரிட்டனின் ஆலோசனை, உளச்சிகிச்சைச் சங்கம், தன் தரச்சான்று பெற்ற உறுப்பினர்களும் மாதந்தோறும் குறைந்தது 1½ மணி நேரம் மேற்பார்வை பெறவேண்டும் என விதித்துள்ளது. முப்பதாண்டு அனுபவமும் இதற்கு விலக்காகாது.

இதன் நியாயத்தை ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வழியே நாம் எளிதில் உணரலாம். தன் குறைகளைத் தானே காண்பது அரிது என்பதனால், அவற்றை அறிய நான்கு வழிகளை இஹ்யாவில் அவர்கள் வகுத்துள்ளார்கள். அகப்பார்வையுள்ள ஷைகிடம் தன்னை ஒப்படைத்தல் முதலாவது; உண்மையுரைக்கும் தோழரைத் தன்மீது கண்காணிப்பாளராக அமர்த்திக்கொள்ளுதல் இரண்டாவது. கற்றோருக்கு இது தேவையில்லை என்று அவர்கள் கூறவில்லை. பிறர் உள்ளத்தைத் தொடுவோருக்கு இது இருமடங்கு தேவை.

ஒருவர் தம் துயரைத் திறந்து வைப்பது அமானத் ஆகும். நம் பிள்ளையையோ உடன்பிறந்தாரையோ அத்தகைய சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது, "தாங்கள் யாரிடம் மேற்பார்வை பெறுகிறீர்கள்?" எனக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல சிகிச்சையாளர் அவ்வினாவை மகிழ்ந்தே ஏற்பார். உள்ளங்களின் இரகசியங்களை முற்றும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம் நோயாளர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குச் செவிசாய்ப்போருக்குப் பணிவையும் அருள்வானாக! ஆமீன்.