தேரிக்காட்டில் ஒரு நாள்

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பு மாணவிகள் 22 பேரும், சமூக அறிவியல் டீச்சரும், அறிவியல் சாரும் தேரிக்காட்டுக்கு நடைப்பயணம் போனோம். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேல் என்று கிடக்கும் மணல் மேடுகளைத்தான் தேரி என்கிறோம். சினிமாக்காரர்கள் பாலைவனம் மாதிரி காட்ட இங்கேதான் வருவார்கள்.

காயாமொழி பக்கம் உள்ள கற்குவேல் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு காலை 7 மணிக்குக் கிளம்பினோம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு. முதலில் காட்டு வண்டித் தடம். இரண்டு பக்கமும் கொல்லாமரம், உடைமரம், பனை. நிழல் இருந்ததால் பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். தடம் முடிந்ததும் வெறும் மணல். ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் இழுக்கிறது! செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டோம். 11 மணிக்கு எல்லாரும் திரும்ப மாட்டிக்கொண்டோம். அவ்வளவு சூடு.

அதற்கு அப்பால் மழைத்தண்ணீர் அரித்த பள்ளங்கள். இரண்டு பக்கமும் எங்கள் தலைக்கு மேல் சிவப்புச் சுவர். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத்தான் போக முடியும். "சுவரைத் தொடாதீங்க பிள்ளைகளா, சரிஞ்சிரும்" என்று சார் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். மணலின் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பாம். தேரிகளில் கற்கால மனிதர்களின் சின்னச் சின்னக் கல் கருவிகள் கிடைத்திருப்பதையும், 1956இல் சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியதையும் டீச்சர் சொன்னார்கள். உடனே எல்லாரும் குனிந்து தேடினோம். கிடைத்தது ஒரு பாட்டில் மூடிதான்!

பிறகு சார் கையால் தோண்டச் சொன்னார். மேலே அடுப்பு மாதிரி சுட்ட மணல், முழங்கை ஆழத்தில் ஈரமாக, சில்லென்று இருந்தது. "ஐப்பசி, கார்த்திகையில பெய்த மழை இது. தேரி பஞ்சு மாதிரி தண்ணிய உறிஞ்சி வச்சிருக்கும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையும் தேரிக்குள்ளதான் இருக்கு. அடியில நல்ல தண்ணி இருக்கிற வரைக்கும்தான் கடல் தண்ணி உள்ள வராம இருக்கும்" என்றார்.

எனக்கு எங்கள் வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். இப்போது உப்புக் கரிக்கிறது, பருப்புகூட வேகாது. அம்மா குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

திரும்பி வரும் வழியில் யாரோ மண் அள்ளிய பெரிய குழியைப் பார்த்தோம். லாரித் தடம் இருந்தது. ஓரத்தில் ஒரு பனை வேர் தெரியச் சாய்ந்து நின்றது. அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை.

ஆடிக்காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்துவது மரங்கள்தான். ஆகவே வரும் ஆவணி, புரட்டாசியில் ஆளுக்கு 10 பனங்கொட்டை சேர்த்து, அனுமதி வாங்கி, தேரி ஓரமாக ஊன்றப் போகிறோம். மற்ற வகுப்பு மாணவ மாணவிகளும் சேரலாம். பனங்கொட்டையை எங்கள் வகுப்பில் கொடுங்கள். "பதனீர் குடிக்க 15 வருசமாவது ஆகும் ஏட்டி" என்று ஒரு தோழி சிரித்தாள். ஆகட்டும். அப்போது எனக்கு 29 வயதுதான் இருக்கும்.