விலை எங்கே ஒளிந்திருக்கிறது?

கண்புரை ஆபரேஷன் என்றால் இன்று என் வயதுக்காரர்கள் அலட்டிக்கொள்வதில்லை. என் பெரியப்பா காலத்தில் அப்படியில்லை. கண்ணிலிருந்த வில்லையை எடுத்துவிட்டு, ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டி அனுப்புவார்கள். அதில் எல்லாமே பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. படி வந்துவிட்டதென்று காலை வைப்பார், படி இன்னும் கீழே இருக்கும். தண்ணீர் டம்ளரை வாங்க நீட்டிய கை, டம்ளருக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். பார்வை வந்துவிட்டது என்றது ஊர். அவரோ வயலுக்குத் திரும்பவே இல்லை.

கண்ணுக்குள்ளேயே வில்லை வைக்கும் வழி 1949இலேயே லண்டனில் பிறந்துவிட்டது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து வைத்தார். அது பரவி நம் ஊருக்கு வந்தபோது, ஒரு வில்லையின் விலை ஏறத்தாழ 100 டாலர். கூலிக்காரருக்கு எட்டுமா?

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி இருந்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வில்லையில் இருக்கும் பிளாஸ்டிக் துளிதான். அதைக் கடைந்து, மெருகேற்றி, கிருமி நீக்கி, சோதிக்கும் அறிவுக்குத்தான் அவ்வளவு விலை. டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் துணையோடு அந்த அறிவை இங்கே கொண்டுவந்து, 1992இல் ஆரோலேப் என்ற வில்லைத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. ஐரோப்பியத் தரச்சான்றோடு அந்த வில்லை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அரவிந்தின் ஆபரேஷன் அறையைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் வேலையை முடிக்கும்போது, மற்றதில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கண்ணைக் கழுவுவது, கருவி எடுத்துத் தருவது, கட்டுப்போடுவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து, பள்ளிப் படிப்புக்குப் பிறகு அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். அதனால்தான் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் ஆபரேஷன் செய்ய முடிகிறது. பணமில்லாதவருக்கும் இலவசமாகச் செய்ய முடிகிறது. சிக்கனம் பிடித்தது மருத்துவரின் நேரத்தில். தையல் நூலிலோ மருந்திலோ இல்லை.

பழைய மோட்டாரை வைத்து வண்டி செய்த பையனின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து நாம் பூரித்துப்போகிறோம். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் அவன் கைத்திறன் அவனோடு நின்றுவிடுவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மதுரைக்காரர்கள் அங்கேதான் உயர்ந்து நிற்கிறார்கள். தங்கள் வழிமுறையைக் கற்றுத்தருவதற்கென்றே 1992இல் ஒரு பயிற்சி நிறுவனம் வைத்தார்கள். பல நாடுகளின் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அங்கே கற்றுப்போயிருக்கின்றன.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். என் தெருவில் காது மந்தமான பெரியவர்கள் இருக்கிறார்கள். நல்ல காதுக் கருவியின் விலை அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. மலிவானதை வாங்கினால் இரைச்சல் தாங்காமல் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்த நல்ல கருவியைப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு பொருளுக்குப் போகிறது, எவ்வளவு அறிவுக்குப் போகிறது என்று கணக்கெழுதுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.