கையெழுத்து என்னுடையதுதான்

குப்பையிலிருந்து வளம் எடுக்கும் புதிய முயற்சிகளுக்கு மானியம் வழங்கும் தேர்வுக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். நான் படித்தது மண்ணும் உரமும். அதனால் உரம் தயாரிக்கும் இயந்திரம் என்று எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் என்னிடம்தான் கருத்துக் கேட்பார்கள். அப்படி வந்த ஒன்றுக்கு, அது சொன்னபடி வேலை செய்யாது என்று தெரிந்தே அதிக மதிப்பெண் போட்டேன். அது வேலை செய்யாததைப் பிறகு நேரில் பார்த்தும் அறிக்கையில் எழுதாமல் விட்டேன். தெரியாமல் நடந்த பிழையாக இருந்திருந்தால் இத்தனை காலம் என்னை அரித்துக்கொண்டிருக்காது.

காய்கறிக் கழிவை 24 மணி நேரத்தில் உரமாக்கும் என்றுதான் அந்த இயந்திரத்தை விற்றார்கள். மட்குவது நுண்ணுயிர்களின் வேலை. குவியல் தானாகச் சூடேறி 55, 60 டிகிரியைத் தொட்டுச் சில நாள் அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் நோய்க் கிருமியும் களை விதையும் சாகும். பிறகு ஆற வேண்டும், முதிர வேண்டும். ஈரம் பார்த்து, கிளறிவிட்டு, ஒழுங்காகக் கவனித்தாலும் ஒன்றரை மாதம் ஆகிவிடும். இயந்திரமோ மின்சூட்டில் ஈரத்தை வற்றவைத்து, கழிவை அரைத்துப் பொடியாகத் தள்ளுகிறது. பார்க்க உரம் போலவே இருக்கும். ஒரு வாளியில் அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் இரண்டொரு நாளில் புளித்த நாற்றம் வரும். இளஞ்செடிக்குப் போட்டால் வேர் கருகும். கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பிறகு ஏன் மதிப்பெண் போட்டேன்? மார்ச் 31க்குள் பணம் செலவாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. மதிப்பெண் தாளில் ‘புதுமை’ என்ற கட்டத்துக்குத்தான் அதிக எடை. காப்புரிமை விண்ணப்பம், சென்சார், கைப்பேசிச் செயலி மூன்றும் இருந்தால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். இவை எல்லாம் உண்மை, ஆனால் இவை காரணம் இல்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் நான் மட்டும் மறுத்துப் பேசினால், எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவன் என்று பெயர் வரும், அடுத்த குழுவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காகப் பொதுப் பணத்தில் கைவைத்தேன்.

இரண்டாம் தவணை விடுவிக்கும் முன் களஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. இயந்திரம் ஒரு நகராட்சியின் நுண் உர மையத்தில் ஓரமாக நின்றது. நாங்கள் வருகிறோம் என்று கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தரம்பிரிக்கும் மேசை. பேட்டரி வண்டி கொட்டிவிட்டுப் போன குவியலில் இருந்து ஒரு கறுப்புக் கவரை எடுத்து ஓர் அம்மா முடிச்சை அவிழ்த்தார். பழைய சோறு, சாம்பார் பார்சல், குழந்தையின் டயப்பர், உடைந்த பல்பு, சவர பிளேடு எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. கையுறையின் விரல் நுனிகள் கிழிந்திருந்தன. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். “தேங்காய் நாரும் துணியும் தண்டுல சுத்திக்குது சார். கம்பியை விட்டு நாங்கதான் நோண்டி எடுக்கணும்” என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பிரிச்சுக் குடுத்தா எங்களுக்கு உரத் தொட்டியே போதும். பிரிக்காம குடுத்தா இந்த மெஷின் மட்டும் என்ன பண்ணும் சார்?” என்று கேட்டார்.

நான் பார்த்த எந்தத் திட்ட அறிக்கையிலும் இவ்வளவு தெளிவான ஒரு வரி இருந்ததில்லை. மின்கட்டணம் கட்டுப்படியாகாமல் இயந்திரத்தை அவர்கள் அணைத்தே வைத்திருந்தார்கள் என்பதையும் மேற்பார்வையாளர் மெதுவாகச் சொன்னார். ஆய்வுப் படிவத்தில் ‘இயந்திரம் இயங்குகிறதா’ என்று ஒரு கேள்வி இருந்தது. எங்களுக்காகப் பொத்தானை அழுத்தினார்கள், இயங்கியது. ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா சொன்னதை எழுத ‘பிற குறிப்புகள்’ என்று பாதிப் பக்கம் காலியாக இருந்தது. காலியாகவே விட்டேன். பணம் போய்ச் சேர்ந்தது.

அதே சுற்றில் நான் தள்ளிவிட்ட விண்ணப்பம் ஒன்றும் உண்டு. குப்பை பொறுக்கும் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் எழுதியிருந்தார்கள். கேட்டது கூரை போட்ட இடம், எடைத் தராசு, அட்டையையும் பிளாஸ்டிக்கையும் கட்டு கட்டும் சிறிய பிரஸ், மூன்று மாதச் சுழல் நிதி. சுழல் நிதிதான் அதில் உயிர். அன்றாடம் பொறுக்கியதை அன்றே விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருக்கிறவர், காயலான் கடைக்காரர் சொல்லும் விலைக்குத்தான் போட முடியும். முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடைக்கும் போக முடியாது. சரக்கைத் தேக்கி, வகை பிரித்து, முழு லோடாக அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும். அந்தக் குழு கேட்டது காத்திருக்கும் சக்தியை. ‘நடைமுறைச் செலவு மானியத்துக்கு உரியதல்ல, புதுமை இல்லை’ என்று நான் எழுதினேன். விதியும் அப்படித்தான் இருந்தது. விதியை மாற்றச் சொல்லி ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம்.

புனேயில் ‘ஸ்வச்’ கூட்டுறவு நிறுவனம் 2008 முதல் இதைத்தான் செய்துவருகிறது. குப்பை பொறுக்குகிறவர்களே உறுப்பினர்கள். வீடு வீடாகப் பிரித்த குப்பையை வாங்கி, அதற்கான கட்டணத்தையும் பெற்று, விற்கத்தக்கதை விற்றுக்கொள்கிறார்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சியின் ஏற்பாட்டுக்குள் கொண்டுவரவும் சொன்னன. இரண்டும் எனக்கு மனப்பாடம். மதிப்பெண் தாளை எடுத்தால் இரண்டும் நினைவுக்கு வராது.

புதுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், யாரும் சீண்டாத பிளாஸ்டிக் உறைகளைத் துருவிச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார்ச் சாலைக்குப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். ஆனால் புதுமை என்றால் இரும்பும் மோட்டாரும் மட்டுமே என்று நானும் என்னைப் போன்றவர்களும் நினைத்துவிட்டோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. விற்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு. காட்டில் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. கடை ஊழியர்களுக்கு இடமும் ஆளும் போதவில்லை என்ற குறை நியாயமானது, அதைச் சரிசெய்ய வேண்டும். எந்திரம் எதுவும் இல்லாமல் ஒரு பத்து ரூபாய் செய்த வேலை இது. என் தாளில் இதற்குப் புதுமைக் கட்டத்தில் பூஜ்யம்தான் விழுந்திருக்கும்.

மேலிருந்து வரும் கொள்கையிலும் இதே கோணல் இருக்கிறது. 2021இல் பிளாஸ்டிக் கழிவு மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக ஏறியது. மறுசுழற்சிச் சங்கிலியின் அடிமட்டத்திலேயே பாரம். உற்பத்தியாளர்கள் தங்கள் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு ஏற்பாட்டில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தணிக்கை செய்து, செய்யாத மறுசுழற்சிக்கு லட்சக்கணக்கில் சான்றிதழ்கள் தரப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது மற்றவர்களைப் போல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படி ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன்தானே. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் கிடக்கும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க இன்று நூற்றுக்கணக்கான கோடி செலவாகிறது. தோண்ட வேண்டியதுதான், வேறு வழியில்லை. அந்த மலை, பிரிக்காமல் கொட்டியதால் வளர்ந்தது.

அந்த இயந்திரத்தை நகராட்சி பிறகு பழைய இரும்பு விலைக்கு ஏலம் விட்டதாகக் கேள்விப்பட்டேன். பெண்கள் குழு கலைந்துவிட்டது. தேர்வுக் குழுவின் தலைவருக்கு நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த அறிக்கை பொய் என்பது இனிக் கோப்பில் இருக்கும்.

இப்போது அந்த நாற்காலிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுழல் நிதிக்கும் கூலிக்கும் மானியத்தில் இடம் கொடுங்கள். இரண்டாம் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலையில் தரம்பிரிக்கும் மேசைக்குப் போங்கள். அங்கே நிற்கிறவர் சொல்வதை அவர் சொல்லிலேயே ‘பிற குறிப்புகள்’ பகுதியில் எழுதுங்கள்.