இது எந்த உயிரின் முடி?



பிள்ளைக்கு நீர்வண்ண ஓவியத்தில் நாட்டம் வந்துவிட்டால் பெற்றோர் முதலில் வாங்கிக் கொடுப்பது வண்ணப்பெட்டியைத்தான். பன்னிரண்டு வில்லைகள் உள்ளதா, இருபத்து நான்கு உள்ளதா என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். தூரிகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டியின் மூலையில் ஒன்று கிடக்கும். அதுவே போதும் என்று விட்டுவிடுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் ஓவிய ஆசிரியனாகப் பணியாற்றி, ஓய்வு பெற்றுச் சுவாமிமலையில் வாழ்ந்துவரும் நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். மலிவான வண்ணத்தைக் கொண்டு நல்ல படம் வரைந்த மாணவர்களைக் கண்டிருக்கிறேன். கெட்ட தூரிகையைக் கொண்டு நல்ல படம் வரைந்த ஒருவரையும் கண்டதில்லை.

கருவியின் அருமையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உருக்கிய உலோகத்தை வார்ப்பவர்கள். அவர்கள் மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அண்டை அயலில் வாழும் அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. உருவத்தின் அளவைப் பிரிப்பதற்கு அவர்கள் எடுப்பது ஒரு தென்னை ஓலை நறுக்கு. அதனை மடித்து மடித்தே அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். காசில்லாமல் கிடைக்கும் பொருள்தான்; ஆனால் அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கருவியை அவர்கள் விலை பார்த்துத் தேர்வதில்லை. வேலை பார்த்துத் தேர்கிறார்கள்.

'ஓவியமே கூடுமா?' என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. படம் வரைந்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டபோது, வரைந்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள் என்னும் கருத்துப்பட அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. நான் அந்த எல்லைக்குள் நின்றே வரைந்து வந்தவன். தஞ்சைத் தரணியில் பிறந்தவனுக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. குறுவை நாற்றின் இளம்பச்சை ஒன்று, சம்பாப் பயிரின் கரும்பச்சை ஒன்று, வாழைக் கொல்லையின் பச்சை ஒன்று. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாளில் அதன் செந்நிறம் வேறு. ஓர் ஆயுள் முழுவதும் வரைந்தாலும் இவை தீர்ந்துவிடுமா?

தண்ணீரைச் சுமக்கும் துருத்தி

தூரிகை வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது தண்ணீரை எவ்வாறு தாங்குகிறது என்பது முதற்கேள்வி. இது எதிலிருந்து வந்தது என்பது இரண்டாவது. முதலாவது கலையைச் சேர்ந்தது. இரண்டாவது நம் மனச்சான்றைச் சேர்ந்தது.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. வண்ணத்தைக் கரைத்துத் தாளின் மேல் நடத்திச் செல்வது தண்ணீர். ஆகவே நல்ல தூரிகை ஒரு சிறு தோல் துருத்தியைப் போன்றது. அதன் நடுப்பகுதியான வயிறு நிறைய நீரைப் பிடித்துவைத்து, முனை வழியாகச் சிறிது சிறிதாக விடவேண்டும். எண்ணெய் வண்ணத்திற்கு விறைப்பான முடி ஏற்றது. நீர்வண்ணத்திற்கு அது உதவாது.

நம் பகுதியின் பருவநிலையும் இதில் கணக்கு. சித்திரை வெயிலில் காவிரிக் கரையில் அமர்ந்து வானத்தை வரைய முற்பட்டால், அடிவானத்திற்கு வருவதற்குள் மேல்வானம் காய்ந்துவிடும். நடுவே கோடு விழும். மீண்டும் மீண்டும் வண்ணத்தில் தோய்க்காமல் ஒரே இழுப்பில் தாளின் குறுக்கே சென்றுவரும் அளவுக்கு நீரைத் தாங்கும் பெரிய தூரிகை அப்போது வேண்டும். ஐப்பசி அடைமழையிலோ நேர்மாறு. பூசியது காயாது. தூரிகையைத் துணியில் ஒற்றி, நீரைக் குறைத்து வேலை செய்ய வேண்டும். ஒற்றியவுடன் முனை மீண்டும் ஒன்றுகூடுகிற தூரிகைதான் அந்நேரத்தில் கைகொடுக்கும்.

கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். புதிய தூரிகையின் முடியைப் பசையிட்டுக் கூராக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கூர்மையைக் கண்டு ஏமாந்துவிடலாகாது. ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்குங்கள். தூரிகையை அதில் அலசிப் பசையைப் போக்குங்கள். மணிக்கட்டைச் சொடுக்கி நீரை ஒருமுறை உதறுங்கள். முடிகள் யாவும் ஒரே முனையாய்க் கூடினால் தேர்ச்சி. இரண்டாகப் பிளந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஈர முனையை உள்ளங்கையில் மெல்ல வளைத்து விடுங்கள். பழைய நிலைக்கு அது நிமிர வேண்டும். முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழல் ஆடாமலும் பொருத்து வாய் தெரியாமலும் இருக்க வேண்டும். தண்ணீர் தர மறுக்கும் கடையில் தூரிகை வாங்காதிருப்பதே நலம்.

பழகுகிறவருக்குப் பத்துத் தூரிகைகள் கொண்ட கட்டு தேவையில்லை. 8 ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 3 ஆம் எண் உருண்டை ஒன்று, வானமும் வயலும் பூச ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்று. இம்மூன்றும் போதும். இன்னும் சொல்லப்போனால், முனை நன்றாய்க் கூடும் 8 ஆம் எண் ஒன்றே முக்கால் பங்கு வேலையைச் செய்துவிடும்.

எதிலிருந்து வந்தது?

இனி இரண்டாம் கேள்வி. இதை எனக்கு நினைவூட்டியவள் என் பேத்தி. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வரும் சாலையிலுள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகப் பழகிவரும் அவளுடன் வெளியூர்க் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். "அசல் முடி ஐயா, நைலான் இல்லை. பெரிய ஓவியர்கள் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்" என்றார். முடியின் நுனி கரும்பழுப்பு, நடுவில் வெளிர் நிறம், அடியில் மீண்டும் கருமை. "நன்னா, இது எந்த உயிரின் முடி?" என்று பேத்தி கேட்டாள். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "கீரி." அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

கீரி நமக்கு அந்நியமான பிராணியா? வரப்பில் நம் முன்னால் குறுக்கே ஓடுவது. எலியையும் பாம்பையும் தின்று வயலைக் காப்பது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அதன் முடியாலான தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆயினும் வாணிகம் ஒழியவில்லை. 2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினர் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தினர். தூரிகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்துச் செர்கோட் நகரமும் அதில் அடங்கும். 50,000-க்கும் மேற்பட்ட தூரிகைகளும் 100 கிலோவுக்கும் மேற்பட்ட கீரி முடியும் கைப்பற்றப்பட்டன. ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ 50 கீரிகள் கொல்லப்படுகின்றன என்பது வனவிலங்கு ஆர்வலர்களின் கணிப்பு. அந்த ஒரு சோதனையில் அகப்பட்ட முடிக்கு மட்டும் எத்தனை உயிர்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நெல்வயலை வரைவதற்காக அந்த வயலின் காவலனைக் கொல்வது என்ன நீதி?

பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் அதன் பொருட்டு நரகம் புகுந்ததையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்றதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துச் சென்றிருக்கிறார்கள். வாயில்லாப் பிராணிக்காகவும் நாம் கேள்வி கேட்கப்படுவோம் என்னும் அச்சம் ஒரு முஃமினின் கடைத்தெருவுக்கும் கூட வரவேண்டும் அல்லவா?

மற்றொரு செய்தியும் நம் இல்லங்களுக்கு இன்றியமையாதது. 'ஹாக்', 'பிரிசில்' என்று பொறித்த விறைப்பான தூரிகைகள் பெரும்பாலும் பன்றியின் முடியால் ஆனவை. எண்ணெய் வண்ணத்திற்கும் சுவருக்குச் சாயம் அடிப்பதற்கும் அவை பரவலாகப் பயன்படுகின்றன. வண்ணத்தை ஒற்றி எடுக்க நீர்வண்ணக்காரர்களும் சிலர் வைத்திருப்பார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் ஓவியம் பயில்வோரிடம் உண்டு என்பதை எண்ணினால் இதன் தீவிரம் புரியும். சில வண்ணங்களில் காட்மியம் போன்ற நச்சுப் பொருளும் இருப்பதால் அப்பழக்கமே ஆகாது. பிள்ளைகளைக் கண்டித்துத் திருத்துங்கள். அறுக்கப்படாத பிராணிகளின் முடி தூய்மையானதா என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

'ஒட்டக முடி' என்று விற்கப்படுவதில் ஒட்டகத்தின் முடி இருப்பதில்லை. அணில், ஆடு, மட்டக்குதிரை ஆகியவற்றின் முடிக்கு வாணிகர் இட்ட பொதுப்பெயர் அது. நம் பிள்ளைகள் நன்கறிந்த 'கேமல்' என்பது 1931 இல் மும்பையில் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தின் வணிகப் பெயர். தூரிகை எதனால் ஆனது என்பதை அப்பெயர் சொல்லாது. உலகில் மிக உயர்ந்ததாகப் பேசப்படுவது 'கொலின்ஸ்கி சேபிள்'. சைபீரியக் குளிர்ப் பகுதிகளில் வாழும், கீரியைப் போன்ற தோற்றமுடைய சிறு பிராணியின் வால்முடி அது. 1866 இல் விக்டோரியா மகாராணிக்காக இலண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் செய்த தூரிகை வரிசையின் புகழ் இன்றும் மங்கவில்லை. விலையோ ஆயிரக்கணக்கில். நீரைத் தாங்குவதில் அதற்கு நிகர் அரிது என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இன்று செயற்கை இழைத் தூரிகைகள் வெகுவாக முன்னேறிவிட்டன. நுனி நோக்கி மெலிந்து செல்லுமாறு இழையை வார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் நல்ல நைலான் தூரிகை முனை கூடுகிறது, வளைத்தால் நிமிர்கிறது. தண்ணீரைச் சற்றுக் குறைவாகப் பிடிக்கிறது என்பதே அதன் குறை. அதற்கு எளிய பரிகாரம், வேண்டிய அளவைவிட இரண்டு எண் பெரிதாக வாங்குவது. பேத்திக்கு 8-க்குப் பதில் 10 ஆம் எண் வாங்கினேன். அவள் அதைக்கொண்டு அரசலாற்றங்கரைத் தென்னந்தோப்பை வரைந்தாள். ஓலையின் நுனிகள் வரை அந்த ஒரே தூரிகையால் முடித்தாள்.

வாங்கியதைப் பேணுவதும் நம் பொறுப்பு. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, விரலால் முனையைக் கூட்டிப் படுக்கைவசமாகக் காயவிடுங்கள். குவளைக்குள் தலைகீழாக நிறுத்திவைத்தால் முனை வளைந்து போகும். குழலுக்குள் நீர் இறங்கிக் கைப்பிடி ஊறி வெடிக்கும். மழைக்காலத்தில் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வாறு பேணினால் ஒரு தூரிகை பல ஆண்டுகள் உழைக்கும். வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கமன்றோ நம்முடையது!

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளையுடன் கடைக்குச் செல்லும்போது தூரிகையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். தண்ணீரில் தோய்த்து உதறிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அதற்குமுன், எதிலிருந்து செய்தது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். உண்ணும் உணவில் ஹலாலைத் தேடும் நாம் கையிலெடுக்கும் கருவியிலும் அதைத் தேடும்போதுதான் பேணுதல் முழுமை பெறும். இறைவன் படைத்த பசுமையை வரையும் கைகள் அவன் படைத்த உயிர்களுக்குத் தீங்கு செய்யாத கைகளாக இருக்க அவனே அருள்புரிவானாக! ஆமீன்.